துணிந்தபின் எண்ணல்

திருக்குறளின் பொருட்பால் நாடாள்வோனை முன்னிறுத்திப் பாடப்பெற்றது. முடியரசர் மறைந்த இந்நாளிலும் அதனை மிகுதியாக எடுத்தாளும் ஒரு பிரிவினர் உளர். அவர் தொழில் நிறுவனங்களின் மேலாளரும், அம்மேலாளர்க்குப் பயிற்சி தரும் ஆசிரியரும் ஆவர். அவர்கள் விரும்பி எடுத்தாளும் குறள்களுள் தலையாயது தெரிந்து செயல்வகை அதிகாரத்தின் ஏழாங் குறள். ஒரு செயலை ஆராய்ந்தே மேற்கொள்ள வேண்டும் என்றும், மேற்கொண்டபின் ஆராய்வோம் என்பது குற்றம் என்றும் கூறுவது அது. அலுவலகச் சுவர்களிலும் ஆண்டு மலர்களிலும் அதனைக் காண்கின்றோம்.

எடுத்தாள்வோருட் பலர் அக்குறளுக்குக் கொள்ளும் பொருள் யாது? முடிவு செய்யும்வரை எண்ணலாம். முடிவு செய்தபின் அதனைப் பற்றி மீண்டும் எண்ணுதல் இழிவு. முன்வைத்த காலைப் பின்வைத்தல் ஆகாது என்பதே அவர் கொள்ளும் பொருள். இப்பொருள் வள்ளுவர்க்கு உடன்பாடுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதனைச் சொல்லாராய்ச்சி என்ற அளவில் ஒதுக்கிவிடுதல் இயலாது. ஒரு குறளைத் தவறாக உணர்ந்த மாணவன் சில மதிப்பெண்களை இழப்பான். தவறாக உணர்ந்த மேலாளனோ ஆலையை இழப்பான். அவனை நம்பிய குடும்பங்கள் வாழ்வை இழக்கும்.

முதற்கண் குறளின் சொல்லமைதியைக் காண்போம். 'எண்ணுவம்' என்பது தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்று. இச்சொல்லைக் கூறுவோன் யார்? இன்னும் எண்ணாதவன். எப்பொழுது கூறுகின்றான்? செயலில் இறங்கும் பொழுது. 'இப்பொழுது தொடங்கிவிடுவோம், எண்ணுவதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்' என்பதே அவன் கூற்று. வள்ளுவர் இழுக்கு என்று சுட்டியது அக்கூற்றினை. துணிந்தபின் எண்ணுதலே குற்றம் என்பது அவர் கருத்தாயின், எண்ணுதலையே எழுவாயாக்கி இழுக்கு என்று முடித்திருப்பார். முன்னரே நன்கு எண்ணியவன் பின்னரும் எண்ணுவானாயின், அவன் இக்குறளின் கண்டனத்துக்கு உரியவனே அல்லன். பரிமேலழகரும் தொடங்கிவைத்துப் பின் எண்ணக் கடவோம் என்று விடுதலையே குற்றமாகக் கொண்டார். எனவே இக்குறள் விலக்குவது எண்ணத்தைத் தள்ளிப்போடுதலை. மீள எண்ணுதலை அது விலக்கவில்லை.

இம்முடிவுக்கு அரண் செய்யும் குறள்கள் பிறவும் உள. வலியறிதல் அதிகாரத்தின் ஆறாங் குறள், மரத்தின் நுனிக்கொம்பில் ஏறி நிற்பவனைக் காட்டுகின்றது. அவன் இனித் தொடங்கப்போகின்றவன் அல்லன். பாதி வழிக்கு மேல் வந்துவிட்டவன். வந்த தொலைவைக் கருதி மேலும் ஏற முயன்றால் உயிர்க்கு முடிவாகும் என்கிறார் வள்ளுவர். தன்னால் இயன்ற அளவு பகைமேற் சென்றவன் அவ்வளவில் நில்லாது மனவெழுச்சியால் மேலும் செல்லுதலை இது குறிக்கும் என்பது பரிமேலழகர் விளக்கம். அவ்வதிகாரத்தின் மூன்றாங் குறளும் ஊக்கத்தால் உந்தப்பட்டு இடையில் முரிந்தோரையே நினைவூட்டுகின்றது. துணிந்தபின் எண்ணலாகாது என்பது வள்ளுவர் கொள்கையாயின், கொம்பின் நுனியில் நிற்பவனுக்கு அவர் எச்சரிக்கை கூறவேண்டிய தேவை இல்லை. அவன் துணிந்துவிட்டவன் அன்றோ?

வினைத்தூய்மை அதிகாரத்தின் ஐந்தாங் குறள் இவ்வாராய்ச்சிக்கு மேலும் பயன்படுவது. பின்னர் வருந்தத்தக்க செயலைச் செய்யற்க என்று முதலில் விலக்கி, ஒருகால் செய்துவிட்டால் எது நன்று என்று அது தொடர்கின்றது. பிற்பகுதிக்கு உரையாசிரியர் இருவர் இருவேறு பொருள் கண்டனர். அத்தகைய செயலைப் பின்னும் செய்யாமை நன்று என்பது மணக்குடவர் கருத்து. செய்தபின் இருந்து வருந்தாமை நன்று என்பது பரிமேலழகர் கருத்து. இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுவது வழக்கம். நம் ஆராய்ச்சிக்கோ இரண்டும் வேண்டும். இழப்பை எண்ணி வருந்துகின்றவனே அவ்விழப்பை ஈடுசெய்யும் ஆசையால் அதே செயலை மீண்டும் செய்கின்றான். வருந்தாமையும் மீளச் செய்யாமையும் ஒரே தெளிவின் இருபுறங்கள்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். வினைத்திட்பம் என்னும் அதிகாரம், மேற்கொண்ட செயலில் தளராமையைப் போற்றுகின்றதே, அதனோடு இது முரணாகாதா என்பது அத்தடை. அவ்வதிகாரத்தின் எட்டாங் குறளைக் கூர்ந்து நோக்கின் விடை கிடைக்கும். தளராது செய்க என்னும் ஆணைக்கு முன்னர், மனம் கலங்காது ஆராய்ந்து கண்ட செயல் என்னும் அடை நிற்கின்றது. உறுதி தெளிவுக்குப் பின்னது. தெளிவின்றி வரும் உறுதியை வள்ளுவர் திட்பம் என்னார். இடையூறு கண்டு அஞ்சி விடுதல் வேறு. புதிய உண்மை கண்டு மாற்றிக்கொள்ளுதல் வேறு. முன்னது தளர்ச்சி, பின்னது அறிவு.

இனி, மனிதர் ஏன் மீள எண்ணுவதில்லை என்னும் வினாவுக்கு வருவோம். நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆளும் 'உட்கோட்டம்' என்னும் சொல் இங்கே கைகொடுக்கின்றது. மனத்தின் உள்ளே அமைந்த வளைவு என்பது அதன் பொருள். முடிவெடுப்போரின் உட்கோட்டங்களை இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டறிஞர் ஆய்வு முறையில் ஆராயலாயினர். எர்பர்ட் சைமன் 1947இல் வெளியிட்ட நூலில், ஆட்சி செய்வோர் எல்லா வழிகளையும் அளந்து சிறந்ததைத் தேர்வதில்லை, போதும் என்று தோன்றும் ஒன்றில் நின்றுவிடுகின்றனர் என்னும் கருத்துக்கு வித்திட்டார். 1978இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு அவரை அடைந்தது. டேனியல் கானமனும் ஏமோஸ் துவெர்ஸ்கியும் 1974, 1979 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், மனத்தின் பிழைகளும் ஓர் ஒழுங்குடன் நிகழ்கின்றன என்று காட்டின. இழப்பின் துன்பம் அதே அளவு ஊதியத்தின் இன்பத்தினும் மிக்கதாக உணரப்படுகின்றது என்பது அவர்தம் முடிபுகளுள் ஒன்று. துவெர்ஸ்கி 1996இல் மறைந்தார். 2002இல் நோபெல் பரிசு பெற்ற கானமன் 2024இல் மறைந்தார்.

நம் பொருளுக்கு மிக நெருங்கியது பேரி ஸ்டா என்பார் 1976இல் வெளியிட்ட ஆய்வு. வணிகவியல் மாணவரிடம் ஒரு கற்பனை நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பணத்தை ஒரு பிரிவுக்கு ஒதுக்கச் செய்தார். பின்னர்ச் சிலரிடம் அப்பிரிவு நலிந்தது என்று கூறி, இரண்டாம் முறை பணம் ஒதுக்கச் செய்தார். முதன்முடிவைத் தாமே எடுத்தவர், பிறர் எடுத்த முடிவைத் தொடர்ந்தவரைவிட, நலிந்த அப்பிரிவுக்கே மிகுதியான பணத்தை ஒதுக்கினர். பிழையென்று தோன்றிய முடிவே மேலும் பணத்தை ஈர்த்தது. தம் முடிவு தவறன்று என்று காட்டும் விருப்பமே இதற்குக் காரணம்.

இவ்வுட்கோட்டத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் அரசால் அமைக்கப்பெற்றது. சிறு பட்டறைகள் நிறைந்த அவ்விடத்தில், இருசக்கர வண்டிகளின் கார்புரேட்டர் உறுப்புகளைக் கடைந்து தரும் ஒரு பட்டறை உளதெனக் கற்பனை செய்துகொள்வோம். உரிமையாளர் 2018இல் கடன் பெற்று 40 லட்சம் ரூபாய்க்கு ஓர் எந்திரம் வாங்கினார். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் தெளிப்பு முறை பெரும்பாலும் பற்றிக்கொண்டது. இப்பொழுது மேலும் 15 லட்சம் ரூபாய் இட்டால் பழைய தொழிலைச் சிறிது காலம் ஓட்டலாம். 'போட்ட 40 லட்சம் வீணாவதா?' என்று அவர் மனம் கேட்கின்றது. தொடர்ந்தாலும் விட்டாலும் அத்தொகை சென்றது சென்றதே, கடனும் கட்டவேண்டியதே. எந்திரத்தை இன்று விற்றால் கிடைக்கும் விலை கணக்கில் சேரும்; அன்று கொடுத்த விலை சேராது. இனி இடும் 15 லட்சம் எதனைத் தரும், அதனை வேறொரு பணியில் இட்டால் எது கிடைக்கும் என்பவையே கேட்கத்தக்க வினாக்கள்.

தெரிந்து செயல்வகையின் முதற்குறள் இங்கே நினைவுக்கு வருகின்றது. செயலால் அழிவதனையும், ஆவதனையும், தொடர்ந்து விளையும் ஊதியத்தையும் எண்ணிச் செய்க என்பது அதன் கருத்து. 'அழிவது' என்றாரே அன்றி 'அழிந்தது' என்றார் அல்லர். கணக்கின் மூன்று உறுப்புகளும் வருங்காலத்தை நோக்கியவை. கடந்த செலவுக்கு அங்கே இடமில்லை. இக்கால ஆராய்ச்சி முழுவதையும் வள்ளுவர் முன்னரே கண்டுவிட்டார் என்று கூறுதல் மிகையாகும். அத்தகைய பெருமை பேசுதல் குறளுக்குச் சிறப்பும் அன்று. அவர் தந்த கணக்குமுறையைப் பிறழாது பின்பற்றினால் இப்பிழை நுழையாது என்னும் அளவே நாம் கூறத்தக்கது.

பெரிய அளவில் இதனைக் காண ஆவடிக்குச் செல்வோம். 1955 சனவரியில் கூடிய காங்கிரசு மாநாட்டால் நாடறிந்த அவ்வூர், 1961இல் நிறுவப்பெற்ற கனரக ஊர்தித் தொழிற்சாலையால் படைக்கலத் தொழிலின் நிலைக்களமும் ஆயிற்று. விசயந்தா என்னும் தாங்கி அங்கே 1965இல் உருவாயிற்று. அதன்பின் முற்றிலும் நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பெறும் தாங்கி ஒன்று வேண்டும் என்று 1974இல் முடிவாயிற்று, ஏறத்தாழ 15.5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அர்ச்சுன் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அத்தாங்கியை வடிவமைக்கும் பணி ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்தது. உள்நாட்டு எந்திரம் அமையாமையின் செருமானிய எந்திரம் பொருத்தப்பட்டது. செலவு 300 கோடியைக் கடந்தது. 124 தாங்கிகளுக்கு 2000இல் ஆணை கிடைத்தது. முதல் தாங்கிகள் 2004இல் படையிடம் ஒப்படைக்கப்பட்டன. 2010இல் உருசிய வழித் தாங்கியோடு பாலைநிலத்தில் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. திருத்திய வடிவில் 118 தாங்கிகளுக்கு 2021இல் 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆணை பிறந்தது.

இம்முயற்சி பற்றிப் பொதுவாக எழுந்த வாதங்கள் இருவகைப்படும். இத்துணைப் பணம் செலவிட்டபின் விடலாமா என்பது ஒன்று. இத்துணை ஆண்டுகள் வீணாயின, இனியும் தொடர்வதா என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றும் இவ்விரு வாதங்களும் ஒரே பிழையை உடையவை. இரண்டும் அழிந்ததனையே அடிப்படையாகக் கொண்டன. இனிச் செலவாவது எவ்வளவு, கிடைப்பது எத்தகையது, அயல்நாட்டில் வாங்கின் என்னாகும், கற்ற தொழிலறிவு பிற்காலத்து எதற்குப் பயன்படும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டிருப்பின் அதுவே தெரிந்து செயல்வகை. 2021இன் ஆணையைக் காட்டித் தொடர்ந்தோர் வென்றனர் என்று கூறுதலும் பொருந்தாது. விளைவு நன்றாயின் முடிவு நன்று என்பதும் ஓர் உட்கோட்டமே. ஆராயாது இறங்கியவனும் சிலகால் வெல்வான். நன்கு ஆராய்ந்தவனும் சிலகால் தோற்பான். எண்ணிய முறையைக் கொண்டே எண்ணத்தை மதித்தல் வேண்டும். அன்றியும், விடுதலே அறிவு என்று எண்ணுதலும் தவறு. செய்யத்தக்கதைச் செய்யாமையாலும் கேடு வரும் என்பதனை அதே அதிகாரத்தின் ஆறாங் குறள் ஓதுகின்றது.

துணிந்தபின் எண்ணுதலை அன்றாட ஒழுக்கமாக்கிக்கொண்ட தொழிற்சாலையும் அப்பகுதியில் உண்டு. அம்பத்தூரை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் தடைக்கருவிப் பிரிவு, தரமேம்பாட்டுக்காகச் சப்பான் நாட்டில் வழங்கப்பெறும் டெமிங் பரிசினை 1998இல் பெற்றது. இந்திய நிறுவனங்களுள் அப்பரிசை முதலிற் பெற்றது அதுவே. பாடியிலுள்ள லூக்காசு டி.வி.எசு நிறுவனம் 2004இல் பெற்றது. அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங் 1950இல் சப்பானியர்க்கு ஆற்றிய சொற்பொழிவுகளின் நினைவாக நிறுவப்பெற்ற பரிசு அது. அவர் வழியினர் போற்றும் வினைமுறை நான்கு படிகளை உடையது: திட்டமிடல், செய்தல், சரிபார்த்தல், திருத்தல். நான்காம் படி மீண்டும் முதற்படிக்கு இட்டுச் செல்லும். இங்கே துணிந்தபின் எண்ணுதல் வினையின் ஓர் உறுப்பாகவே அமைந்துவிட்டது; அதனை இழுக்கு என்று கருதுவார் இலர். எப்பொழுது, எதனை அளந்து மீள எண்ணுவது என்பதையும் முதற்படியிலேயே வரையறுத்துக்கொள்வதால், எண்ணித் துணிதலும் அங்கே குறைவின்றி நிகழ்கின்றது.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகின்றது. உறுப்பொன்றின் அளவு தவறியதை அளவுகோல் காட்டும். தலைவனின் முடிவு தவறியதை யார் காட்டுவார்? முடிவெடுத்தவனே மதிப்பிடுவோனாகவும் இருப்பின் உட்கோட்டம் நீங்காது என்பதை ஸ்டாவின் ஆய்வு காட்டிற்று. வள்ளுவர் இதற்கு மருந்தாக இடித்துரைப்பாரைக் கூறினார். அவரை இல்லாத மன்னன், கெடுக்கும் பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்பது பெரியாரைத் துணைக்கோடலில் வரும் கருத்து. கேளாத தலைவனிடத்தும் உறுதி கூறுதல் அமைச்சன் கடன் என்பது அமைச்சு அதிகாரம் தருவது. அமைச்சரும் தவறினால்?

இவ்வினாவுக்கு விடை தருபவர் தாமே ஓர் அமைச்சராய் இருந்த புலவர். பூந்தமல்லிக்குத் தெற்கே அணித்தாக உள்ள குன்றத்தூரில் தோன்றிச் சோழனுக்கு அமைச்சுப் பூண்டவர் சேக்கிழார் என்பது மரபு. பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில் அவர் பாடிய மனுவேந்தன் வரலாற்றை யாவரும் அறிவர். ஆயின் அதனை நீதிக்கதையாகப் படிக்கின்றோமே அன்றி, ஒரு முடிவு உருவாகும் காட்சியாகப் படிப்பதில்லை. கன்றைத் தேர்க்காலில் இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடிக்கின்றது. அமைச்சர் கழுவாய் கூறுகின்றனர். அரசன் மறுத்தபின் முன்னை வழக்கையும் காட்டுகின்றனர். அவர் அறிவிலர் அல்லர், நூல் கற்றவர். ஆயினும் இளவரசனைக் காத்தல் வேண்டும் என்னும் முடிவு முன்னே நிற்க, அதற்கேற்ற சான்று பின்னே தேடப்படுகின்றது. அரசன் அதனை ஒரு வினாவால் உடைக்கின்றான். தன் மகன் செய்த கொலைக்குக் கழுவாய் கொண்டு, அயலான் ஒருவன் ஓருயிரைக் கொன்றால் அவனைக் கொல்வதா என்பது அவ்வினா. செய்தவன் இருந்த இடத்தில் அயலானை வைத்துப் பார்த்தவுடன் அமைச்சர் கூறிய வழியின் கோட்டம் வெளிப்பட்டுவிடுகின்றது. அமைச்சராய் இருந்த ஒருவரே அமைச்சர் பிழையை இத்துணை நுட்பமாகப் பாடியது எண்ணத்தக்கது.

இதே சோதனையை வேறொரு நாட்டில், வேறொரு தொழிலிற் காண்கின்றோம். அமெரிக்க நாட்டு இன்டெல் நிறுவனம் நினைவகச் சில்லுத் தொழிலில் தோன்றி வளர்ந்தது. 1980களில் சப்பானியர் போட்டியால் அத்தொழில் நலிந்தது. 1985இல் அதன் தலைவருள் ஒருவராகிய ஆண்ட்ரூ குரோவ், தம் துணைவர் கார்டன் மூரை நோக்கி, நம்மை நீக்கிவிட்டுப் புதிய தலைவர் ஒருவரை அமர்த்தினால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். நினைவகத் தொழிலை விட்டுவிடுவார் என்றார் மூர். அங்ஙனமாயின் நாமே அதனைச் செய்தால் என்ன என்றார் குரோவ். நிறுவனம் அத்தொழிலை விட்டு நுண்செயலித் தொழிலிற் கருத்தூன்றிப் பிழைத்தது. அயலானை நிறுத்தி நோக்கும் முறை இரண்டிடத்தும் ஒன்றே. மனுவேந்தன் தனக்கு அரிய மகனைக் காக்கும் பற்றை அதனால் வென்றான். இவர்கள் தாம் வளர்த்த தொழிலின்மேல் வைத்த பற்றை அதனால் வென்றனர்.

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும். துணிந்தபின் எண்ணலாகாது என்பது அக்குறளின் பொருள் அன்று. எண்ணாமல் துணிதல் ஆகாது என்பதே பொருள். பொருட்பாலின் பிற பகுதிகள் இடையில் நிற்றலையும் மாற்றுதலையும் அறிவாகவே கொள்கின்றன. கணக்கிடுங்கால் அழிவதனை நோக்கவேண்டும். அழிந்ததனை நோக்குதல் கூடாது. தன் முடிவை அயலான் முடிவாக வைத்து ஆராய்தலும், இடித்துரைப்பாரை உடன் வைத்துக்கொள்ளுதலும் உட்கோட்டம் தீர்க்கும் வழிகள்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆலைச் சங்கு ஊதும் பொழுது உள்ளே நுழைவோர் தலைவர் அறையில் நிகழும் ஆராய்ச்சியை அறியார். அங்கே எடுக்கப்பெறும் முடிவின் பயனை மட்டும் அவர் அறிவர். அவ்வறையின் சுவரில் அக்குறள் எழுதப்பெற்றிருத்தல் நன்றே. அதன் கீழ் அமர்ந்திருப்பவர், தவறான செலவை நீட்டித்தற்கு அதனைத் துணையாகக் கொள்ளாமல், மீண்டும் ஒருமுறை எண்ணுதற்கு அழைப்பாகக் கொள்வாராயின், சுவரில் எழுதியது பயன் தரும்.